பிக்காசோவின் 'மா ஜோலி': கையில் இருப்பது கிதாரா, ஸிதரா?

நண்பர்களே, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள பிக்காசோவின் 'மா ஜோலி' ('என் அழகி', 1911–12) ஓவியம் பற்றி ஒரு சந்தேகம். அடியில் தலைப்பின் எழுத்துகள், பக்கத்திலேயே ஓர் இசைக்குறி. 'மா ஜோலி' அன்று பாரிஸில் பிரபலமான பாட்டின் பல்லவி. காதலி ஏவாவுக்கு அவர் வைத்த செல்லப் பெயரும் அதுவே. ஆக, வாத்தியம் மீட்டும் பெண் என்பதில் குழப்பமில்லை.

சிக்கல் வாத்தியத்தில்தான். கீழ்ப்பாதி நடுவில் செங்குத்தாக ஆறு கோடுகள், அவற்றுக்குக் கீழே நான்கு விரல்கள், வலப்பக்கம் மடங்கிய முழங்கை. ஆறு தந்தி என்றால் கிதார். ஆனால் சுற்றியுள்ள முக்கோணம் ஸிதரையே (கழுத்தில்லாத, தட்டையான பெட்டிமேல் தந்திகள் கட்டிய வாத்தியம்) காட்டுகிறது. இந்த ஓவியத்தின் பாணியான க்யூபிசத்தில் உருவத்தைப் பல கோணங்களில் உடைத்துப் போடுவதால் வெளிக்கோட்டை மட்டும் நம்ப முடியாது. எல்லாம் பழுப்பும் சாம்பலுமாக இருப்பதால் நிறமும் கைகொடுக்காது. கிதாரின் கழுத்தும் தந்தியை முறுக்கும் சாவிகளும் யார் கண்ணுக்காவது தட்டுப்படுகிறதா? எந்த இடத்தில் என்று குறித்துக் காட்டினால் பேருதவி.