கடலோர வளவைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் அம்மாவின் வளவு கடலை ஒட்டி இருக்கிறது. கடந்த மாரியில் வேலிக்கரைத் தென்னை ஒன்று வேரோடு சாய்ந்தது. கிணற்றுக் கட்டுக்கும் கரை விளிம்புக்கும் இடையில் இப்போது பதினெட்டு அடிதான்.

மாமா கொங்கிறீற் மதில் எழுப்புவோம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. செங்குத்துச் சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலை அரித்துக்கொண்டு போகும். அத்திவாரம் வெளியே தெரிந்ததும் சுவர் கடல் பக்கம் சாயும். பக்கத்து வளவில் அதுதான் நடந்தது. உடைந்த துண்டில் ஏறியிருந்து பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள். சாய்வாகக் கல் அடுக்கி, அடியில் மணலைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டித் துணி விரித்தால் அலையின் வேகம் கல்லிடுக்குகளில் அடங்கும். ஆனால் ஒரு வளவுக்கு மட்டும் போட்டால் இரு முனைகளிலும் அரிப்புக் கூடும். அயலவர்களும் சேர வேண்டும், வில்லங்கமே அங்கேதான்.

அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நட்டு மணல் மேட்டை வளர்த்தவர்கள் இருக்கிறீர்களா? மழைக்கு முன் நடுவதா, பின்பா? (கண்டல் நடச் சொல்லாதீர்கள், அது களப்புச் சேற்றுக்கு உரியது, திறந்த கடலில் நிற்காது.)

இலங்கையின் 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கரையிலிருந்து 300 மீற்றருக்குள் இப்படியான வேலைக்கு அனுமதி வேண்டும். குழுவாக விண்ணப்பித்தவர்கள் இருந்தால், எத்தனை மாதம் எடுத்தது, என்னென்ன வரைபடம் கேட்டார்கள் என்று எழுதுங்கள். அடுத்த வாடைக்கு முன் ஏதாவது செய்தாக வேண்டும்.