வண்ணப்பட்டையில் வெள்ளையும் கறுப்பும் மட்டும் சரியாக வருகின்றன: பழுது எங்கே?

கேள்வி

வணக்கம். எஸ்டிஎம்32எஃப்429 மைக்ரோகண்ட்ரோலர் போர்டுடன் ஓவி7670 கேமரா மாட்யூலை இணைத்து, 320×240 அளவில், ஆர்ஜிபி565 முறையில் (ஒரு பிக்சலுக்கு சிவப்பு 5, பச்சை 6, நீலம் 5 என 16 பிட், அதாவது இரண்டு பைட்) படம் எடுக்க முயன்று வருகிறேன். இரண்டுக்கும் இடையே ஒரு சாண் நீள ஜம்பர் வயர்கள் ஓடுகின்றன. கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினால் ஜன்னல் கம்பிகள் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் நிறங்கள் முற்றிலும் தவறாக இருப்பதோடு, ஆங்காங்கே புள்ளிகளும் மினுக்குகின்றன. லென்ஸைத் திருகியும், ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சமன்செய்யும் அமைப்பை) மாற்றியும் பயனில்லை. சென்சாருக்குள்ளேயே உள்ள எட்டு வண்ணப்பட்டை டெஸ்ட் பேட்டர்னை இயக்கியபோது வெள்ளையும் கறுப்பும் சரியாக வந்தன. மஞ்சளின் இடத்தில் மெஜந்தாவும், சிவப்பின் இடத்தில் நீலமும், நீலத்தின் இடத்தில் பச்சையும் வந்தன. புள்ளிகளும் போகவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில் 1

வண்ணப்பட்டை சென்சாரின் டிஜிட்டல் பகுதியில் உருவாவதால் வெளிச்சம், லென்ஸ், எக்ஸ்போஷர் ஆகியவற்றுக்கு அதில் பங்கே இல்லை. அதிலும் பிழை இருப்பதால் லென்ஸை இனித் தொடவே வேண்டாம்.

நிறப் பிழைக்குக் காரணம், ஒவ்வொரு பிக்சலின் இரண்டு பைட்டுகளும் இடம் மாறியிருப்பதே. சிவப்பு 11111000 00000000 என்று வர வேண்டும். பைட்டுகள் மாறினால் அது 00000000 11111000 ஆகிறது, அதாவது பச்சை சிறிதே கலந்த நீலம். வெள்ளையில் எல்லாம் 1, கறுப்பில் எல்லாம் 0 என்பதால் அவை இரண்டும் இடமாற்றத்தைக் காட்டிக்கொடுக்காமல் தப்பிவிடுகின்றன. சென்சார் மேல் பைட்டை முதலில் அனுப்புகிறது; உங்கள் சிப்போ முதலில் வந்ததைக் கீழ் பைட்டாக எடுத்துக்கொள்கிறது. பைட்டுகளை இரண்டிரண்டாக இடம் மாற்றும் ரெவ்16 என்ற பிராசஸர் கட்டளையால் பைட்டுகளைத் திருப்பிவிட்டால் போதும்.

பதில் 2

மேலே சொன்னது நிறத்துக்குச் சரி, புள்ளிகள் வேறு கதை. அவற்றைக் கண்ணால் பார்த்து அளவிட முயல வேண்டாம்; பைட்டின் எட்டு பிட்டுகளைக் கொண்டுவரும் டி0 முதல் டி7 வரையிலான டேட்டா வயர்களில், டி5 வயரில் பிழை இருந்தால் நிறம் இலேசாகத்தான் மாறும், திரையில் தெரியாமலே போகலாம். முதலில் சென்சாரின் கிளாக் வேகத்தை நன்றாகக் குறைத்து வண்ணப்பட்டையை ஒரு முறை பிடித்து, பிழையற்றது என்று உறுதி செய்துகொண்டு, அந்த 1,53,600 பைட்டுகளைக் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமான வேகத்தில் பிடித்த ஃபிரேமை அதனுடன் பைட்டுக்குப் பைட் எக்ஸ்ஓஆர் செய்து (வேறுபடும் பிட்டுகள் மட்டும் 1 ஆக வரும்), டி0 முதல் டி7 வரை எந்த பிட் எத்தனை முறை மாறியது என்று எண்ணுங்கள். பிழை ஒரே பிட்டில் குவிந்தால் அந்த வயர். எல்லா பிட்டுகளிலும் பரவியிருந்தால் பிக்சல் கிளாக் விளிம்பை, அதாவது கிளாக் ஏறும்போதா இறங்கும்போதா பைட்டைப் படிக்கிறீர்கள் என்பதைச் சந்தேகியுங்கள். புத்தகத்தில் உள்ள வண்ண மதிப்புகளோடு ஒப்பிடாமல் இப்படிச் செய்யச் சொல்வதற்குக் காரணம், சென்சாரின் பிற அமைப்புகள் அந்த மதிப்புகளைச் சற்று மாற்றிவிடக்கூடும் என்பதே.

இன்னொன்று: வண்ணப்பட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருப்பதால், நடுவில் ஒரு வரி தொலைந்தாலும் படம் மாசற்றதாகவே தோன்றும். நான் இதில் ஏமாந்து ஒரு வாரத்தை இழந்திருக்கிறேன். ஒரு ஃபிரேமுக்கு 240 வரிகள் வருகின்றனவா என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை வரும் எச்ரெஃப் சிக்னலைத் தனியே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பைட்டுகளைத் திருப்பியதும் எட்டு நிறங்களும் உரிய இடத்துக்கு வந்தன. எக்ஸ்ஓஆர் கணக்கில் பிழைகள் அனைத்தும் டி7இல் மட்டுமே இருந்தன. அந்த ஜம்பரின் முனை பின்னில் தளர்வாக ஆடிக்கொண்டிருந்தது. வயரை மாற்றிய பின் தொடர்ந்து எடுத்த 100 ஃபிரேம்களில் ஒரு பைட்கூட மாறவில்லை, வரிகளும் 240 வருகின்றன. ஜன்னல் படத்தில் மட்டும் இப்போது இலேசான பச்சைச் சாயல் மிஞ்சியிருக்கிறது.

பதில் 2

அப்படியானால் வயரையும் பைட் வரிசையையும் விட்டுவிடலாம். சென்சாரின் ஒயிட் பேலன்ஸ் ரிஜிஸ்டர்களை (அமைப்பு மதிப்புகளை வைத்திருக்கும் இடங்களை) மாற்றிப் பார்க்க வேண்டிய நேரம் இப்போதுதான் வந்திருக்கிறது.