சாப்பாடு லிஃப்ட்டில் ஏறி வந்த வீடு

ஸ்டாக்ஹோமுக்கு வந்த இரண்டாம் வருடம் மகளைப் பாலர் பள்ளியில் சேர்த்தேன். அவளுக்கு ஒன்றரை வயது. முதல் வாரம் தினமும் வாசலில் நின்று அழுதது நான்தான், அவள் இல்லை. அங்கே இருந்த வயதான ஆசிரியை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, "அல்வா மிர்டாலைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டார். 1982-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர் என்பது வரைதான் எனக்குத் தெரியும். பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கென்றே 1936-இல் அவர் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார் என்பதை அன்றுதான் கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமையே ஸ்டாக்ஹோமின் குங்ஸ்ஹோல்மன் பகுதியில் ஜான் எரிக்சன் தெருவில் இருக்கும் 6-ஆம் எண் கட்டடத்துக்கு ஆசிரியை என்னை அழைத்துப் போனார். 1935-இல் ஸ்வென் மார்கேலியுஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. அதன் பின்னால் இருந்த யோசனையில் அல்வாவுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலை முடிந்து வரும் பெண் அடுப்படியில் நிற்க வேண்டாம். கீழே பொதுச் சமையலறை, அங்கிருந்து சின்ன லிஃப்ட்டில் சாப்பாடு வீட்டுக்கே ஏறி வரும். குழந்தைகளைக் கீழ்த்தளத்திலேயே பார்த்துக்கொள்வார்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நாலரை மணிக்கு எழுந்து எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு வேலைக்கு ஓடுவார். அந்தச் சுமையை ஒரு கட்டடத்தின் வேலையாக மாற்றலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே!

அப்புறம் அல்வாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எஸ்கில்ஸ்டூனாவில் வளர்ந்தவர். அந்த ஊரின் உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. படிக்க வழி பிறக்கும்வரை ஒரு வரி அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறார். 1955-இல் இந்தியாவுக்கான ஸ்வீடன் தூதராக டெல்லிக்கு வந்து, 1961 வரை இருந்தார். இலங்கையும் பர்மாவும்கூட அவர் பொறுப்பில் இருந்தன. நாடு திரும்பியதும் நாடாளுமன்ற உறுப்பினர். 1962 முதல் 1973 வரை ஜெனீவா ஆயுதக் குறைப்புப் பேச்சில் ஸ்வீடன் குழுவின் தலைவர், அதற்கென்றே அமைச்சராகவும் இருந்தார். நிலத்தடியில் அணுகுண்டு சோதனை செய்தால் கண்டுபிடிக்க முடியாது என்று வல்லரசுகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகளால் முடியும் என்று ஆதாரத்தோடு வாதாடினார். அல்வாவின் பல முகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோபத்தோடு நிற்காமல் விஞ்ஞானத்தையும் படித்துக்கொண்டு போய் உட்கார்ந்தவர்.

ஆனால் ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. கணவர் குன்னாரோடு சேர்ந்து 1934-இல் மக்கள்தொகை பற்றி எழுதிய புத்தகத்தில், 'தகுதியற்றவர்கள்' என்று கருதப்பட்டவர்களுக்குப் பிள்ளை பெற முடியாதபடி கருத்தடை அறுவை சிகிச்சை செய்வதை இருவரும் ஆதரித்தார்கள். அதே வருடம் வந்த கருத்தடைச் சட்டமும், பிறகு 1941-இல் வந்ததும் ஆயிரக்கணக்கான பெண்களின் உடம்பில் கை வைத்தன. ஆசிரியையிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள் என்றார். என்னால் அதை ஏற்க முடியவில்லை, அவரிடம் அப்படியே சொல்லியும்விட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் அம்மாவின் தங்கைக்கும் அது நடந்தது" என்றார்.