குப்பை வண்டியில் போடக் கூடாததைப் போட்டிருக்கிறீர்களா? அனுபவங்களை எழுதுங்கள்

மேட்டுத்தெரு:
ஆறு வாரமாகிவிட்டது. காலையில் விசில் சத்தம் கேட்டால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. அதனால் எழுதுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு பேரூராட்சி. பச்சை வாளி, நீல வாளி, ஏழு மணிக்குப் பேட்டரி வண்டி, எல்லாம் உங்கள் ஊரில் உள்ளதுதான். எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது. நான்கு வீட்டு வாளிகளும் முனையில் வரிசையாக நிற்கும். அப்பாவுக்கு நாளைக்கு இரண்டு முறை இன்சுலின். ஊசியை மூடி போட்டு, பையில் சுற்றித்தான் வாளியில் போடுவேன். அன்றைக்கு அப்பா தானாகவே போட்டுக்கொண்டார். மூடி கட்டிலுக்கு அடியில் கிடந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

வண்டிக்கார அக்கா வாளியை அப்படியே கவிழ்க்க மாட்டார். பால் கவரைத் தனியே எடுத்து வைத்தால் நாலு காசு கிடைக்கும் என்று கையை விட்டுக் கிளறுவார். கையுறை உண்டு, விரல் நுனி எல்லாம் கிழிந்தது. "ஸ்" என்றார். கையை வெளியே எடுத்தபோது ஆள்காட்டி விரலில் ஊசி குத்திட்டு நின்றது. பிடுங்கினார். சேலைத் தலைப்பால் ஒரு தரம் அழுத்தினார். பிறகு அந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று சுற்றும்முற்றும் பார்த்தார். அந்தப் பார்வைதான். கடைசியில் வண்டியில் தொங்கிய சாக்கில் போட்டார்.

"தண்ணீர் கொண்டு வருகிறேன் அக்கா, கழுவுங்கள்" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி, இன்னும் நாற்பது வீடு கிடக்கிறது."

எந்த வாளியிலிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கீழவாசல்:
என்னுடையது போட்ட கதை இல்லை, போட விடாத கதை. வீட்டில் பதினோரு ட்யூப் லைட், ஒரு பை நிறைய சி.எஃப்.எல். பல்பு சேர்ந்துவிட்டது. பாதரசம் உள்ளது, வண்டியில் போட வேண்டாம் என்று மொபெட்டில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் வளம் மீட்புப் பூங்காவுக்கே போனேன். பெயர்ப்பலகை மட்டும் ஜோர். உள்ளே உரக்குழி, பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகை, ஒரு மேற்பார்வையாளர். அவர் லைட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை யார் உங்களிடம் கேட்டது?" என்றார்.

திரும்பி வரும் வழியில் வேகத்தடையில் மூன்று உடைந்தன. மீதி எட்டும் பரண் மேல் இருக்கின்றன. நான்கு வருடமாக.

மருந்துக்கடை:
மேட்டுத்தெரு, வருத்தப்படாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். தவறு உங்களுடையது. அந்த அம்மாவிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால், யாருடைய ரத்தம் என்று மருத்துவர் தெரிந்துகொண்டு பாதி கவலையை அங்கேயே தீர்த்திருப்பார்.

ஊசி குத்தினால் அழுத்திப் பிதுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இனி வீட்டில் செய்ய வேண்டியது: கனமான பிளாஸ்டிக் பாட்டில், துணி துவைக்கும் திரவம் வருகிறதே அந்த மாதிரி, எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்துவிடும். ஊசி கீழ்ப்பக்கமாக இருக்கும்படி உள்ளே போடுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றி, வெளியே "ஊசி, திறக்காதீர்கள்" என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். ஊசியை வளைக்காதீர்கள், எரிக்காதீர்கள்.

என் அனுபவம் என்று பெரிதாக இல்லை. இருபது வருடமாக இன்சுலின் விற்கிறேன். ஊசியை எங்கே போடுவது என்று இதுவரை இரண்டே பேர்தான் கேட்டிருக்கிறார்கள்.

வாய்க்கால்மேடு:
இருபது வருடமாக விற்றவர் தாமாகவே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. போகட்டும்.

எங்கள் வீட்டில் பூச்சிமருந்து டப்பா. நெல்லுக்கு அடித்து முடித்ததும் மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் வரிசையாக நிற்கும். டப்பாவில் முக்கோணம் இருக்குமே, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று. பச்சை என்றால் விஷமே இல்லை என்பது மாமியார் கட்சி. அப்படி இல்லை அத்தை, மற்றதைவிடக் குறைவு, அவ்வளவுதான் என்று சொன்னால் "உன் படிப்பை அடுப்பில் வை" என்பார். பச்சை முக்கோண டப்பாவில்தான் அவர் விளக்குக்கு எண்ணெய் வைத்திருந்தார்.

போன தையில் பழைய இரும்புக்காரர் வந்தார். டப்பாக்களை எடுத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கூடை தருவதாகப் பேச்சு. ஒவ்வொன்றாக மூடியைத் திறந்தார், ஆட்டினார், வாசலோரம் போகும் வாய்க்காலில் கவிழ்த்தார். அடியில் கொஞ்சம் கொஞ்சம்தான் இருந்தது. தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. நான் தடுப்பதற்குள் நான்கு டப்பா ஆகிவிட்டது. "காலி டப்பாதான் எடைக்கு எடுப்பார்கள் அம்மா, மருந்து இருந்தால் காயலான் கடையில் திட்டுவார்கள்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் காலை மதகுப் பக்கம் கெண்டைக் குஞ்சுகள் வயிறு தெரிய ஒதுங்கிக் கிடந்தன. என் பெண் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு வரை எண்ணிவிட்டு, "இன்னும் இருக்கிறது அம்மா" என்றாள். அந்தக் கூடையில்தான் இப்போது வெங்காயம் வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவும் மனமில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

முன்னாள் உறுப்பினர்:
கீழவாசல் சொல்வது அரைகுறை. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளைப் படித்துவிட்டுப் பேச வேண்டும். வீட்டு அபாயக் கழிவு என்று அதில் தனியாகவே சொல்லியிருந்தார்கள்: பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, ட்யூப் லைட், சி.எஃப்.எல்., காலாவதி மருந்து, உடைந்த தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி. மாநகரமோ சிறு நகரமோ, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் அமைக்க வேண்டும் என்றும் இருந்தது. கொண்டுபோய்க் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. மக்கள் ஒத்துழைப்பு இல்லை என்பதுதான் அடிப்படைப் பிரச்சினை. நான் பேரூராட்சியில் இருந்த ஐந்து வருடத்தில் ஒருவர்கூட ஒரு பேட்டரியைக் கொண்டு வந்ததில்லை.

வாய்க்கால்மேடு அவர்களுக்கு: காலி டப்பாவை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலுக்கே அடித்துவிட வேண்டும். பிறகு அடியில் ஓட்டை போட வேண்டும், வேறு எதற்கும் பயன்படாதபடி.

கீழவாசல்:
ஐயா, நான் கொண்டுபோனேன். பதினொன்று. வேகத்தடை வரைக்கும் எண்ணிக்கை சரியாக இருந்தது. நீங்கள் உறுப்பினராக இருந்தபோது அந்த மையம் எந்தத் தெருவில் இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள், போகிறேன்.

முன்னாள் உறுப்பினர்:
வாங்கி வைப்பதில் சிரமமில்லை. பிறகு எங்கே அனுப்புவது? பாதரசத்தையும் பூச்சிமருந்தையும் உரக்குழியில் கொட்ட முடியுமா? அதற்கென்று அமைந்த நிலையம் ஒன்று சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணம். அரை மூட்டை பல்புக்கு யார் லாரி பிடிப்பது? ஒரு பீப்பாய் வாங்கி வைத்தோம் என்பது உண்மை. அதில் இப்போது ப்ளீச்சிங் பவுடர் இருக்கிறது.

குன்னூர்க் குளிர்:
ஒத்துழைப்பு, விழிப்புணர்வு என்று எழுதுபவர்கள் ஒரு தரம் மலைக்கு வாருங்கள். 2022 மே மாதம் நீலகிரியில்தான் முதலில் தொடங்கினார்கள்: அரசு மதுக்கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருவது. காட்டில் எறிந்த கண்ணாடிச் சில்லு யானைக் காலில் ஏறுகிறது என்று உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். அதுவரை எங்கள் தேயிலைச் சரிவில் பலகை வைத்தார்கள், மாணவர்களைக் கூட்டிப் பேரணி விட்டார்கள். பாட்டில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

பத்து ரூபாய் வந்த மாதம், பக்கத்து வீட்டுப் பெரியவர் (குடிக்கவே மாட்டார்) தினமும் விடியலில் சாக்கோடு தேயிலைக்குள் இறங்குவார். ஒருநாள் அட்டைக்கடியில் கால் முழுக்க ரத்தத்தோடு ஏறி வந்தார். சாக்கில் இருபத்து மூன்று பாட்டில். கடையில் ஒன்பதைத்தான் எடுத்தார்கள். மீதிக்கு ஸ்டிக்கர் இல்லையாம், பழைய பாட்டிலாம். பதினான்கையும் கடை வாசலில் அழகாக வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு வந்தார். எறியவில்லை. அந்த வரிசை எனக்கு மறக்காது.

ட்யூப் லைட்டுக்கும் பத்து ரூபாய் வையுங்கள். கீழவாசலின் பரணில் எட்டு நாள்கூட இருக்காது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
காசு வைத்தால் காயலான் கடைக்குத்தான் போகும். 2001 மார்ச்சில் கொடைக்கானலில் என்ன நடந்தது? தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடித் தூள் டன் கணக்கில் ஊருக்குள் ஒரு காயலான் கடையில்தான் கிடந்தது. பக்கத்தில் பள்ளிக்கூடம். அதே வருடம் ஆலையை மூடினார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் தெர்மாமீட்டர் உடைந்தால் பிள்ளைகள் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடுவார்கள். நான்தான் அதைத் தீப்பெட்டியில் போட்டு முதல் மதிப்பெண் வாங்கியவனுக்குப் பரிசாகக் கொடுப்பேன்.

மருந்துக்கடை:
பாதரசம் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் ஒதுக்கி, மீதித் துளிகளை ஒட்டும் டேப்பால்

வாய்க்கால்மேடு:
ஐயா, யாரும் கேட்கவில்லை.

மேட்டுத்தெரு:
எல்லோருக்கும் நன்றி. மருந்துக்கடை சொன்னபடியே செய்தேன். கனமான நீல பாட்டில், டேப், பெரிய எழுத்து. இன்று காலை அது நிறைந்தது. அந்த அக்காவை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். புதிதாக ஒரு பையன் வருகிறான். கையிலேயே கொடுத்தேன். "ஊசி, பார்த்துப் போடப்பா" என்றேன். சரி என்றான்.

திரும்பிப் பார்த்தால் டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "பாட்டில் நல்ல கனம் அண்ணா, எடைக்குப் போகும். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறேன்" என்றான். எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டேன். அவன் பீகார்க்காரன். பேசத்தான் தெரியும்.

பாட்டில் இப்போது சன்ஷேடு மேல் இருக்கிறது. இரண்டாவது பாட்டிலைத் தொடங்கிவிட்டேன்.

மருந்துக்கடை:
எங்கள் கடைக்குக் கொண்டு வாருங்கள் என்று எழுதிவிட்டு அழித்தேன். என்னிடம் வந்தாலும் நான் அதே வண்டிக்குத்தான் கொடுக்க வேண்டும்.