‘ஓசி’ என்று சொன்ன வாரம், எங்கள் பஸ்ஸில்

சென்னிமலைக்காரி:

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் சென்னிமலையிலிருந்து டவுன் பஸ். 2021 மே மாதம் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று ஆனதிலிருந்து மாதம் 700, 800 ரூபாய் கையில் நிற்கிறது. பையனுடைய ட்யூஷன் அதில்தான் ஓடுகிறது. அதனால் திட்டத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2022 செப்டம்பர் கடைசியில், அப்போது உயர்கல்வித் துறை அமைச்சராக இருந்த பொன்முடி ஒரு மேடையில் பெண்களைப் பார்த்து, ஓசி பஸ்ஸில்தானே போகிறீர்கள் என்கிற மாதிரி பேசிவிட்டார். அப்புறம் விளையாட்டாகச் சொன்னேன் என்றார். வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தபோது எனக்கு அப்படி ஒன்றும் கோபம் வரவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கு அனுப்பிக்கூட விட்டேன். அடுத்த நாள் பஸ்ஸில்தான் சுருக்கென்றது.

வெள்ளோட்டில் ஒரு ஆத்தா முருங்கைக்கீரைக் கட்டோடு ஏறினார். கண்டக்டர் வழக்கம்போல மகளிர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். ஆத்தா வாங்கவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு அஞ்சு ரூபாய்க் காசை எடுத்து நீட்டினார்.

“காசெல்லாம் வேண்டாங்க ஆத்தா.”

“வாங்கிக்க சாமி. ஓசில போறவளுகன்னு மந்திரி சொல்லிப்போட்டாராமா. எனக்கு ஓசி வேண்டாம்.”

கண்டக்டர் வாங்க மாட்டேன் என்கிறார், ஆத்தா கையை மடக்க மாட்டேன் என்கிறார். பின்னால் நின்ற காலேஜ் பசங்களில் ஒருவன், “ஓசிக்கே இவ்வளவு ரோசமா?” என்றான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். பஸ் ஒரு பிரேக் அடித்ததில் காசு கை தவறி சீட்டுக்கடியில் உருண்டது. ஒரு பள்ளிக்கூடப் பையன் தேடி எடுத்து, இது யாருதுங்க என்று கேட்டான். ஆத்தா கண்டக்டரைக் காட்டினார். கண்டக்டர், “என்னுது இல்லப்பா” என்றார். ரங்கம்பாளையத்தில் இறங்கும்வரை பையன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

அதே வாரம் மதுக்கரைப் பக்கம் ஒரு பாட்டி ஓசியில் வரமாட்டேன் என்று கண்டக்டரிடம் காசை நீட்டிய வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அதற்குப் பின்னால் எதிர்க்கட்சிக்காரர்கள் இருந்தார்கள் என்று பேச்சு கிளம்பி போலீஸ் வரைக்கும் போனது. அது இருக்கலாம். ஆனால் எங்கள் பஸ் ஆத்தாவுக்குப் பின்னால் கீரைக்கட்டுதான் இருந்தது. உங்கள் ஊரில் எப்படி இருந்தது?

கோபி, ஓய்வுபெற்ற கண்டக்டர்:

அம்மிணி, உண்மையைச் சொன்னால் திட்டாதீங்க. அந்த வார்த்தையை மந்திரி கண்டுபிடிக்கவில்லை. டெப்போவில் டிரிப் கணக்கை வே பில்லில் எழுதும்போது “இந்த டிரிப்பில் ஓசி எத்தனை?” என்றுதான் எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம். காசு வராவிட்டாலும் ஒவ்வொரு டிக்கெட்டையும் கிழித்துக் கணக்குக் காட்டவேண்டும், அதை வைத்துத்தான் அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது. ஆக, யாரும் சும்மா வரவில்லை என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் அப்படித்தான் பேசியது.

அந்த வாரம் என் பஸ்ஸிலும் மூன்று பேர் காசு நீட்டினார்கள். பெண்களிடம் வாங்கக்கூடாது என்பது உத்தரவு. செக்கிங் ஏறினால் நான்தான் பதில் சொல்லவேண்டும். வாங்காவிட்டால் இந்தப் பக்கம் செல்போனைத் தூக்கிவிடுகிறார்கள். முப்பது வருச சர்வீஸில் பேசாமல் டிக்கெட் கொடுத்தது அந்த வாரம் ஒன்றுதான். “எங்க போகணுங்க?” என்பதோடு வாயை மூடிக்கொள்வேன்.

ஒன்று மட்டும் மனசில் கிடக்கிறது. ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவதும், சில நாள் நிறுத்தாமலே போவதும் நடந்தது. நானும் நிறுத்தாமல் போ என்று டபுள் விசில் கொடுத்திருக்கிறேன்.

அவிநாசிக்காரன்:

இதெல்லாம் பத்து நாள் சூடுங்க. நான் இதைவிடப் பெரிசாகப் பார்த்தேன். 2021 தேர்தலுக்கு முன்னால், மார்ச் கடைசியில், எங்கள் நீலகிரித் தொகுதி எம்.பி. ஆ. ராசா, எடப்பாடி பழனிசாமியையும் ஸ்டாலினையும் ஒப்பிடுகிறேன் என்று பிறப்பைப் பற்றிப் பேசிவிட்டார். அப்போது முதலமைச்சராக இருந்த பழனிசாமி பிரசாரத்தில் தன் அம்மாவைச் சொல்லிக் கண் கலங்கினார். எங்கள் அப்புச்சி அண்ணா காலத்துத் திமுக. வேட்டிக் கரை மாறாதவர். அந்தச் செய்தி ஓடும்போது டிவியை அமத்திவிட்டு எழுந்துபோய் மாட்டுத் தொண்டுப்பட்டியில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிடப் போனால், “தாயைப் பேசுனா நம்மூர்ல பங்காளிகூட படியேற மாட்டான்” என்றார். வேறெதுவும் பேசவில்லை.

ராசா வருத்தம் தெரிவித்தார், தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை போட்டது. அவர் எம்.பி. தொகுதிக்குள் வருகிற அவிநாசி, மேட்டுப்பாளையம், பவானிசாகர் மூன்றிலும் அதிமுக ஜெயித்தது. அந்தப் பேச்சால்தான் என்று டீக்கடையில் சத்தியம் செய்தார்கள். நான் நம்பவில்லை. கோயமுத்தூர் மாவட்டத்தில் 2016லேயே பத்தில் ஒன்பது அதிமுகதான். 2024இல் அதே ராசா இரண்டு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்கள் அப்புச்சியும் போய் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வந்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

பெருமாநல்லூர்ப் பக்கம், தோட்டம்:

வேறு ஒன்று சொல்கிறேன். எங்கள் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் பில் கிடையாது. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் எங்கள் ஊரில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டமெல்லாம் நடந்து, இருபது வருசம் கழித்துத்தான் இலவச மின்சாரம் வந்தது. அதனால் அதை நாங்கள் உரிமை என்கிறோம். தோட்டத்துக்காரனைப் பார்த்து ‘ஓசிக் கரண்ட்’ என்று எந்த மந்திரியாவது இந்தப் பக்கம் மேடையில் பேசிவிட்டு ஊர் போய்ச் சேரட்டும் பார்க்கலாம். அதே வீட்டுப் பொம்பளை பஸ் ஏறினால் மட்டும் ஓசியா? அம்மையார் ஆட்சியில் மிக்சி, கிரைண்டருக்கு ‘விலையில்லா’ என்று பேர் வைத்தபோது நான்கூடக் கிண்டல் அடித்தேன். 2023இல் வந்த மாதம் 1000 ரூபாய்க்கு ‘உரிமைத் தொகை’ என்று பேர் வைத்தார்கள். இதற்கெல்லாம் பேர் வைக்கிற அதிகாரிக்குத் தெரிந்த சூதானம் மைக் பிடிக்கிறவருக்குத் தெரியவில்லை.

(எங்கள் வீட்டில் இதைப் படித்துவிட்டு, “நீங்களும் அன்னைக்கு ஓசி பஸ் வந்துருச்சான்னுதானே கேட்டீங்க?” என்கிறாள். கேட்டிருப்பேன்.)

சென்னிமலைக்காரி:

அவிநாசி அண்ணா, மறந்துபோகும் என்கிறீர்கள். 2025 ஏப்ரலில் பொன்முடி சைவ, வைணவ சமயங்களையும் பெண்களையும் சேர்த்து அசிங்கமாகப் பேசிய வீடியோ வந்ததே, அன்றைக்கு எங்கள் கடையில் முதல் பேச்சே “அந்த ஓசிக்காரர்தானே?” என்பதுதான். இடையில் இரண்டரை வருசம் போயிருந்தது. கட்சிப் பதவி உடனே போனது, மாதம் முடிவதற்குள் மந்திரி பதவியும் போனது. நாங்கள் ஒன்றும் கொடி பிடிக்கவில்லை, ஞாபகம் மட்டும் வைத்திருந்தோம்.

கோபி அண்ணா, டபுள் விசில் என்றீர்களே, நீங்கள் ஓட்டின ரூட் எது? வெள்ளோடு பிரிவில் காலை 8.20க்கு நான்கு பேர் கை காட்டிக்கொண்டே நிற்போம்.

கோபி, ஓய்வுபெற்ற கண்டக்டர்:

சத்தியமங்கலம் ரூட்டுங்க அம்மிணி. சத்தியமா.