வாடிக்கைக்காரர் குரூப்பைக் கலைத்துவிடவா?

வெயில்மாடி:
கும்பகோணத்தில் வீட்டு மாடியில் தாளிப்பு வடகம் போட்டு விற்கிறேன். கூடவே நார்த்தங்காய், மணத்தக்காளி வற்றல். ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் போடுவதுதான் வருடம் முழுக்க ஓட வேண்டும். விளம்பரம் எதுவும் செய்ததில்லை. ஒரு நோட்டும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும்தான் என் கடை.

நோட்டில் எல்லாம் இருக்கும். யார் வீட்டில் பூண்டு ஆகாது, யாருக்கு விளக்கெண்ணெய் வாசனை பிடிக்காது, யார் மகள் முழுகாமல் இருக்கிறாள், யார் வீட்டில் எந்த மாதம் திதி, அந்த மாதம் வெங்காயம் சேர்ந்த எதையும் கேட்கக்கூடாது. குரூப்பில் 140 பேர். எல்லாரையும் நானே சேர்த்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

போன மாதம் ஓர் அக்கா விலகிவிட்டார். போன் செய்து கேட்டேன். குரூப்பில் இருக்கும் யாரோ ஒருவர் தினமும் காலையில் பூப்படத்தோடு வணக்கம் அனுப்பியிருக்கிறார். அப்புறம் ‘சாப்பிட்டீங்களா’. அப்புறம் ‘டிபியில் இருப்பது நீங்களா’. “உனக்குத்தானே நம்பர் கொடுத்தேன்?” என்றார் அக்கா. அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சேனலாக மாற்றிவிடச் சொல்கிறான் மகன். குரூப்பைக் கலைத்தால் இருக்கிற கலகலப்பும் போய்விடுமே என்று யோசனையாக இருக்கிறது.

பாத்திரக்கடை:
தங்கச்சி, ஒருவனுடைய கோணல் புத்திக்காக 140 பேர் இருக்கிற இடத்தைக் கலைப்பதா? அவனைத் தூக்கி வெளியே போடு, முடிந்தது.

நான் 31 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, குத்துவிளக்கு. ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் எங்கள் வியாபாரமே. பெண்ணுக்கு நிச்சயமானால் பாதிச் சொந்தக்காரர்களுக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். சீர்ப் பட்டியலோடு வருவார்கள். அக்காள் கல்யாணத்துக்கு என்னென்ன எடுத்தார்கள் என்பது என் நோட்டில் இருக்கும். தங்கைக்கு ஒரு குடம் குறைந்தால் நான்தான் ஞாபகப்படுத்துவேன். அதற்காகவே பெரிய கடையைத் தாண்டி என்னிடம் வருகிறார்கள். அந்தரங்கம், அது இது என்று நான் வாயை மூடிக்கொண்டால், பெட்டியில் வீட்டு வாசலுக்கே வரும் குக்கரோடு எப்படிப் போட்டி போடுவது? நம்மைப் போன்றவர்களிடம் இருக்கும் ஒரே சரக்கு பழக்கம்.

ஓடம்போக்கி:
திருவாரூர்க்காரன், சென்னையில் மென்பொருள் வேலை. அண்ணே, பழக்கம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் நோட்டு உங்கள் கல்லாவுக்குள் இருக்கிறது. ஒரு வீட்டு அண்டாக் கணக்கு அடுத்த வீட்டுக்குத் தெரியாது. குரூப் அப்படியா? ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம். சேர்ந்த ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லாருக்கும் தெரியும். அந்த ஆளை நீங்கள் தூக்கி வெளியே போட்டாலும், அவன் சேமித்து வைத்த நம்பர்கள் அவனோடுதான் போகும்.

அக்கா, கலைத்துவிடுங்கள். பிராட்காஸ்ட் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் செய்தி போகும், பதில் உங்களுக்கு மட்டும் வரும். சேனலில் பின்தொடர்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வெயில்மாடி:
யோசிக்க இருக்கிறது தம்பி. ஒரு தடவை குரூப்பில் ஒருவர், ‘இந்தமுறை உப்பு தூக்கல்’ என்று எழுதிவிட்டார். எனக்குக் கையெல்லாம் உதறியது. நான் பதில் எழுதுவதற்குள் நாகப்பட்டினத்து அம்மா ஒருவர், ‘மீன் குழம்பில் கிள்ளிப் போடு, குழம்புக்கு உப்பைக் குறைத்துக்கொள், சரியாகிவிடும்’ என்றார். அன்றைக்கு மட்டும் ஆறு பேர் வடகம் கேட்டார்கள். அதை நான் விற்கவில்லை, அவர்கள் விற்றார்கள். சேனலில் இது நடக்குமா?

பாத்திரக்கடை:
நடக்காது. சேனல் என்பது கோயில் ஒலிபெருக்கி மாதிரி. அது பேசும், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூறைநாடு_தையல்:
மாயவரத்தில் பிளவுஸ் தைக்கிறேன். என்னிடம் ஓர் அளவு நோட்டு இருக்கிறது. அதை வீட்டுக்காரர் கையில்கூடக் கொடுப்பதில்லை. உடம்பு அளவு என்பது ஒரு பெண் டாக்டருக்கு அடுத்து எங்களிடம்தான் சொல்வாள். நோட்டு விஷயத்தில் அவ்வளவு கவனம். ஆனால் போனை எடுத்தால் நாங்களே வேறு ஆள் ஆகிவிடுகிறோம். நானும்தான்.

ஒரு முகூர்த்தத்துக்கு ஆரி வேலை செய்த பிளவுஸ். நன்றாக வந்திருந்தது. மணப்பெண் ஆசையாகப் படம் அனுப்பினாள், எனக்குத்தான் அனுப்பினாள். நான் ஸ்டேட்டஸில் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் அழைப்பு. அது நிச்சயத்துக்கு முன்னால் போட்டுப் பார்த்த படம், மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பார்க்கவில்லை. நீக்கிவிட்டேன். 200 பேர் பார்த்ததை எப்படி நீக்குவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்சல் அனுப்பியதற்கு அத்தாட்சி என்று கூரியர் சீட்டைப் படம் எடுத்துப் போடுகிறோமே, அதில் பெயர், கதவு எண், தெரு, போன் நம்பர் எல்லாம் பளிச்சென்று இருக்கும். வடகம் அக்கா, நீங்கள் போட்டதில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

வெயில்மாடி:
போட்டிருக்கிறேன். அமெரிக்காவுக்குப் போன முதல் பார்சல். பெருமையில் போட்டேன்.

வெட்டாறு:
வாங்குகிறவள் பக்கத்திலிருந்து ஒரு கதை. பாத்திரக்கடை அண்ணனுக்காகவே.

எங்கள் வீட்டுக்கு ஒரு வரன் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பேச்சு முடியவில்லை. அம்மா அவசரத்தில் ஒரு கடைக்குப் போய் வெள்ளிக்குடம் என்ன விலை, சீர் செட் என்ன விலை என்று கேட்டிருக்கிறாள். தெரிந்த கடை, நம்பர்கூட வாங்கவில்லை. பழைய பில்லில் இருந்த நம்பருக்கு மறுவாரம் செய்தி போனது: ‘தங்கள் இல்லத் திருமணத்துக்கு வாழ்த்துகள், 10 சதவீதம் தள்ளுபடி.’ அந்த நம்பர் சித்தப்பாவுடையது. சித்தப்பாவுக்கு நாங்கள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு வருடம் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வரனும் கூடிவரவில்லை, அது வேறு விஷயம்.

பாத்திரக்கடை:
அது என் கடை இல்லையே?

வெட்டாறு:
கடைப் பெயர் சொல்வதாக இல்லை.

பாத்திரக்கடை:
நல்லது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அந்தக் கடைக்காரர் அம்மாவை நேரில் பார்த்து, “என்னம்மா, வீட்டில் விசேஷமா?” என்று காதோடு கேட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தப்பு பழக்கத்தில் இல்லை. பையனை வைத்து எல்லா நம்பருக்கும் ஒரே அடியில் செய்தி தட்டிவிட்டது தப்பு.

ஓடம்போக்கி:
அண்ணே, நான் மேலே சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். சட்டமும் கிட்டத்தட்ட அங்கேதான் கோடு போடுகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஒப்புதல் கேட்பது, எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று தெரிவிப்பது போன்ற கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். வடகத்துக்கு அவ்வளவு போட மாட்டார்கள், பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் வாங்கிய தரவுக்கும், பிறகு டிஜிட்டலாக ஏற்றிய தரவுக்கும்தான். காகித நோட்டு அதில் வராது. உங்கள் மகன் நோட்டைப் பார்த்துப் போனில் ஏற்றினால் அந்த நாளிலிருந்து வரும்.

பாத்திரக்கடை:
பார்த்தாயா தங்கச்சி! நோட்டுதான் உசத்தி என்று டில்லியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

வெட்டாறு:
அண்ணே, சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நான் கேட்காமல் இருப்பேனா? கடைகளில் பில் போட நம்பர் கொடு என்று வற்புறுத்தக்கூடாது என நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. போன வாரம் ஒரு சீப்பு வாங்கப் போனேன். “நம்பர் சொல்லுங்க மேடம்.” சீப்புக்கு எதற்கு நம்பர்?

வெயில்மாடி:
எல்லாரும் வாங்குகிறவர் நம்பரைப் பற்றியே பேசுகிறீர்கள். விற்கிறவள் நம்பரை யார் காப்பாற்றுவது? பாக்கெட் லேபிளில் தயாரிப்பவர் பெயர், முழு முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், புகார் சொல்ல ஒரு போன் நம்பர், எல்லாம் போட்டே ஆக வேண்டும். என் கடையும் வீடும் ஒன்றுதான். இது போதாதென்று, முகம் காட்டி வீடியோ போட்டால்தான் நம்பிக்கை வரும் என்கிறார்கள். ஒன்று போட்டேன், நன்றாக ஓடியது. அப்புறம் பார்த்தால் பின்னால் கொடியில் மகனுடைய பள்ளிச் சீருடை காய்கிறது. சட்டைப்பையில் பள்ளியின் பெயர். (ஒரு வரி நீக்கப்பட்டது)

ஓடம்போக்கி:
அக்கா, முதலில் கடைசி வரியை எடுங்கள். என்ன ஊர், என்ன தொழில் என்பது மேலேயே இருக்கிறது. வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளிநாட்டில் என்பதையும் இங்கே எழுத வேண்டுமா?

வெயில்மாடி:
எடுத்துவிட்டேன். பேச்சுவாக்கில் வந்துவிட்டது. குரூப்பிலும் இப்படித்தான் வரும் தம்பி. ‘சார் எப்போ வர்றார்?’ என்று பிரியமாகக் கேட்பார்கள், நானும் தேதி சொல்லிவிடுவேன். கேட்கிறவர் நல்லவர்தான். படிக்கிற மற்ற 139 பேரை மறந்துவிடுகிறேன்.

கூறைநாடு_தையல்:
அது எனக்கும் நடந்தது. மேப்பில் கடை என்று வீட்டைப் போட்டிருந்தேன். ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஆள் வந்து, பிளவுஸ் தைக்க வேண்டும் என்று வாசலில் நிற்கிறார். கையில் துணியில்லை. மறுநாளே மேப்பிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது தெருமுனைப் பூக்கடையில் துணியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறேன். நன்கு பழகியவர்கள் மட்டும் வீட்டுக்கு வருவார்கள். வியாபாரம் குறைந்ததா என்றால், ஆமாம், கொஞ்சம் குறைந்தது. தூக்கம் வருகிறது.

பாத்திரக்கடை:
பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் தொழிலுக்கு இந்தத் தொல்லை உண்டு, நான் யோசிக்கவில்லை. எனக்குக் கடை வேறு, வீடு வேறு. ஷட்டரை இறக்கினால் முடிந்தது. ஆனால் குரூப்பைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. கலைக்காதே. இருக்கலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடு.

ஓடம்போக்கி:
140 பேரிடமும் தனித்தனியாகவா?

பாத்திரக்கடை:
பத்திரிகை வைக்க 400 வீடு ஏறி இறங்குகிற ஊர் தம்பி இது.

வெயில்மாடி:
கேட்டேன். மூன்று நாள் ஆனது. ‘உங்கள் நம்பர் குரூப்பில் எல்லாருக்கும் தெரியும். இருக்கட்டுமா, எடுத்துவிடவா?’ என்று 140 பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். இருக்கட்டும் என்றவர்கள் 58. வேண்டாம் என்றவர்கள் 11. மீதி 71 பேரிடமிருந்து பதிலே இல்லை. அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

பாத்திரக்கடை:
மௌனம் சம்மதம்.

ஓடம்போக்கி:
இல்லவே இல்லை. சம்மதம் என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பதில் இல்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

வெட்டாறு:
நான் பதில் போடாத கூட்டத்தைச் சேர்ந்தவள். செய்தியைப் பார்ப்பேன், குக்கர் விசில் அடிக்கும், மறந்துவிடுவேன். அதற்குச் சம்மதம் என்றும் அர்த்தமில்லை, கோபம் என்றும் அர்த்தமில்லை.

வெயில்மாடி:
71 பேரையும் எடுத்துவிட்டேன். அவர்களுக்கு பிராட்காஸ்ட். இன்று காலை மூன்று பேர், ‘என்னை ஏன் எடுத்தாய், நான் என்ன தப்பு செய்தேன்’ என்று போனில் சண்டை. அதில் ஒருவர் சண்டை முடிந்த கையோடு அரைக் கிலோ சொன்னார். விலகிய அக்காவிடமும் பேசினேன். குரூப்புக்கு வர மாட்டேன், வடகம் மட்டும் அனுப்பு என்றார். கூரியர் சீட்டை அவருக்கு மட்டும் அனுப்பினேன்.

பாத்திரக்கடை:
எனக்கும் அரைக் கிலோ வேண்டும் தங்கச்சி. பூண்டு போட்டது. என் நம்பர் (நீக்கப்பட்டது). கடைக்கே அனுப்பிவிடு.

வெயில்மாடி:
அண்ணே, நம்பரை முதலில் எடுங்கள், தனிச்செய்தியில் சொல்லுங்கள். அப்புறம், பூண்டு போட்டது தீர்ந்துவிட்டது. இனிமேல் சித்திரைக்குத்தான்.