நம்ம சுங்கை சிப்புட் சாப்பாட்டில் ஆயுர்வேதம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தோட்டத்து மகள்

அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து பல வருடம் ஆகிறது. அரசாங்கக் கிளினிக்கில் மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறார். சாப்பாட்டையும் ஒழுங்கு செய்யலாம் என்று ஈப்போவில் ஆயுர்வேத வைத்தியரம்மா ஒருவரிடம் அழைத்துப் போனேன். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் அவர் கேட்ட கேள்வி: "அம்மா, நீங்க பசிச்சுச் சாப்பிடுறீங்களா, மணியாச்சுன்னு சாப்பிடுறீங்களா?"

அம்மாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் விடியும் முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓட வேண்டும். இனிப்பான டின் பால் ஊற்றிய தேத்தண்ணி, நாலு பிஸ்கட், அதுதான் பசியாறல். ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து மத்தியானம்தான் சோறு. இப்போது பால்காடே போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்டது. நிரை நிரையாக நடந்த நடையும் வாளி சுமந்த வேலையும் நின்றுவிட்டன. டின் பால் மட்டும் நிற்கவில்லை. போதாததற்கு, நாடகம் முடிந்து இரவு பத்து மணிக்குச் சோறு.

"உங்க மத்தியானச் சோறு சரிதாம்மா. வயித்துல இருக்கிற அக்னி உச்சி வேளையிலதான் நல்லா எரியும். பெரிய சாப்பாட்டை அப்பவே முடிச்சிடுங்க. ராத்திரி கொஞ்சமா, பொழுதோட" என்றார்.

டின் பாலை நாளைக்கே நிறுத்துங்கள் என்று சொல்வார் என அம்மா பயந்துகொண்டிருந்தார். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஊறிப்போன பழக்கத்தை ஒரேயடியாக விடக் கூடாது, கால் பங்கு கால் பங்காக விட வேண்டும், விட்ட இடத்தில் நல்லதைக் கால் பங்கு கால் பங்காகச் சேர்க்க வேண்டும் என்று பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் இருக்கிறதாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வயதானவர்களிடம் "இதைத் தொடாதே, அதைத் தொடாதே" என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்குகிறோமே, அதை விட இது எவ்வளவு மரியாதையான வழி!

நாலு கரண்டி டின் பால் மூன்றானது. அதிலேயே கொஞ்ச நாள் நின்றோம். இரண்டானபோது அம்மா குவளையைத் தள்ளி வைத்து, "என்னடி இது, சுடுதண்ணியா?" என்றார். இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு ஏலக்காயையும் நசுக்கிப் போட்டதும் வாசனைக்காகவே குடித்தார். இப்போது டவுனுக்குப் போனால் அவரே "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி) என்று ஆர்டர் கொடுக்கிறார்.

அறுசுவையையும் தட்டில் பார்க்கச் சொன்னார் வைத்தியரம்மா. நம் வீட்டுத் தட்டில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கார்ப்பு நான்கும் கேட்காமலே வந்துவிடும். கசப்பும் துவர்ப்பும்தான் காணோம். பாகற்காய், வாழைப்பூ, வேலி ஓரத்து மணத்தக்காளிக் கீரை என்று சேர்த்த பிறகு சோறு தானாகவே குறைந்தது. கடைசியாக எடுத்த மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரி இறங்கியிருந்தது. மாத்திரை, சாப்பாடு, மாலை நடை மூன்றும் சேர்ந்து செய்த வேலை.

லோரிக்காரன்

என் கதை நெஞ்செரிச்சல். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனால் வரிசை நகர இரவாகிவிடும். பதினொரு மணிக்கு மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் மிளகாய்ச் சம்பால் தூக்கலாக மீ கோரெங் (பிரட்டிய மீ), கூடவே ஐஸ் போட்ட பால் தேத்தண்ணி. வீட்டுக்கு வந்து படுத்தால் தொண்டை வரை எரியும். பித்தம் ஏறிக் கிடக்கிறது என்று வைத்தியர் சொன்னார். தயிர் குளிர்ச்சி என்று நம்பித்தான் இரவில் தயிர்ச் சோறு சாப்பிட்டு வந்தேன். ஆயுர்வேதத்தில் தயிர் உஷ்ணம், அதுவும் இரவில் ஆகவே ஆகாது என்றார். மோராக்கி மத்தியானம் குடிக்கச் சொன்னார். தயிரில் தண்ணீர் விட்டுக் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டு, வறுத்த சீரகமும் உப்பும் போட வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். வயிற்றை மூன்று பங்காக நினைத்துக்கொள்: ஒரு பங்கு சோறு கறிக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கைக் காலியாக விடு. இது எனக்கு மோரை விடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் எரிச்சல் நின்றதே இதனால்தான். இப்போது ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டு வரிசையில் நிற்கிறேன்.

டுரியானைப் பற்றியும் கேட்டேன். பழைய நூலில் அந்தப் பழம் கிடையாது. இனிப்பு, கனம், பசை மூன்றும் இருப்பதால் கபத்தைக் கூட்டும், பசி இருக்கும்போது பகலில் இரண்டு சுளையோடு எழுந்துவிடு என்றார்.

வேலியோரத்து அக்கா

இந்தியாவில் எழுதிய உணவுப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிலத்தைப் பார், காலத்தைப் பார் என்றுதான் ஆயுர்வேதமே சொல்கிறது. நம்முடையது மழையும் ஈரமும் நிறைந்த நிலம், இப்படிப்பட்ட இடத்தில் கபம் ஏறும். அக்டோபர், நவம்பர் மழையில் யாருக்கும் பசி மந்தம்தான். அப்போது சுக்கு, மிளகு, சுடச்சுட ரசம் போதும்.

பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) உலாமுக்கு, அதாவது பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு, பெகாகா பறிப்பார். ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்தேன், நம் வல்லாரையேதான்! ஆயுர்வேதம் இதை மூளைக்கு நல்லது என்று பெரிதாகச் சொல்கிறது. மாக்சிக் பச்சையாகச் சம்பால் பெலாச்சானில் (மிளகாயும் இறால் விழுதும் சேர்த்த துவையலில்) தொட்டுச் சாப்பிடுவார். எனக்குப் பச்சைக்கீரை செரிக்காது. சட்டியில் லேசாக வதக்கி, தேங்காய், சின்ன வெங்காயம், துளி புளி வைத்துத் துவையலாக அரைக்கிறேன். ஒரு கிண்ணம் மாக்சிக் வீட்டுக்கும் போகும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தாதி)

பிள்ளைகளே, எல்லாம் நல்லது, செய்யுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் பெரியவர்களை எடுத்தால் சுமார் 31 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். ஆகவே இந்தப் பேச்சு நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இனிப்பு நீர் மாத்திரையான கிளிக்லசைட் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறும் குடித்துவிட்டு, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கி வார்டுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கறியாகச் சாப்பிடுங்கள், சாறாகக் குடிப்பதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் சூரணம் வேண்டவே வேண்டாம். பதிந்த மருந்தென்றால் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், பாரம்பரிய மருந்தாக இருந்தால் அந்த எண் டி (T) எழுத்தில் முடியும். வைத்தியரிடம் போகும்போதும், 2016 பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டப்படி பதிந்தவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள்.

தோட்டத்து மகளே, அம்மாவுக்கு இரவில் என்ன கொடுக்கிறாய்?

தோட்டத்து மகள்

கஞ்சிதான் மிஸ்ஸி. ஒரு கை பச்சரிசி, அதே அளவு வறுத்த பச்சைப்பயறு, சீரகம், ரெண்டு பல் பூண்டு, மஞ்சள் போட்டுக் குழைய வேகவிடுவேன். இறக்கும்போது ஒரு பிடி முருங்கைக்கீரை. நெத்திலி வறுத்துக் கொடுத்தால் கூட ஒரு கரண்டி இறங்கும். ஏழரைக்குள் முடித்துவிடுகிறோம். நாடகம் அதற்கப்புறம்தான்.